வெள்ளைத் தகடு

பஸ் டிப்போவின் அலுவலகச் சுவரில் ஒரு நீளமான பலகை உண்டு. பலகை முழுக்கக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு தகரத் தகடு, தகட்டில் ரூட் எண். வருடத்துக்கு ஒரு முறை, தகடு நாளன்று, டிரைவர்கள் எல்லோரும் அந்தப் பலகைக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். சர்வீஸில் மூத்தவர் முதலில் போய்த் தனக்குப் பிடித்த தகட்டைக் கழற்றிக்கொள்வார். பிறகு அவருக்கு அடுத்தவர், பிறகு அதற்கும் அடுத்தவர். கொக்கியை விட்டு இறங்கிய தகடு திரும்பக் கொக்கியில் ஏறாது. இது யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. அதனாலேயே இதை மீறியவரும் இல்லை.

கடைசி வரிசையில் எண் எழுதாத வெள்ளைத் தகடுகள் தொங்கும். வெள்ளைத் தகடு வாய்த்தவருக்கு ரூட் கிடையாது. விடியும்போதே வந்து டைம் கீப்பரின் கண்ணாடிக் கூண்டுக்கு எதிரே, ஜன்னலிலிருந்து கதவு வரை நீளமாகக் கிடக்கும் பெஞ்சில் உட்கார வேண்டும். யாராவது டிரைவர் வேலைக்கு வராவிட்டால் அந்த வண்டி கிடைக்கும், அன்றைய கூலியும் கிடைக்கும். எல்லோரும் ஒழுங்காக வந்துவிட்டால் வந்த வழியே வெறுங்கையோடு திரும்பலாம். 'அடுத்தவனுக்குக் காய்ச்சல் வரணும்னு வேண்டிக்கிற உத்தியோகம்' என்று பெஞ்சில் ஒரு வசனம் உண்டு. பெஞ்சிலிருந்து எழுந்து ஒரு எண் தகட்டைப் பிடித்து, அதை அடுத்த தகடு நாள் வரை ஓட்டி முடித்தவர்தான் நிரந்தரம். அதுவரை தற்காலிகம்.

டிப்போவில் அவளை எல்லோரும் ஹாரனக்கா என்பார்கள். ஹாரனே அடிக்க மாட்டாள் என்பதால் வந்த பெயர். நடுச்சாலையில் யாராவது நின்று கதை பேசினாலும் பிரேக்கை மிதித்துவிட்டு, ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். பின்னாலிருந்து பயணிகள் கத்துவார்கள். "அவங்களே நகருவாங்க" என்பாள். காத்திருப்பது அவளுக்குக் கைவந்த கலை. அதைக் கற்றுக்கொடுத்தது அந்த டிப்போதான்.

கல்யாணமான புதிதில் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவள், பெரிய வண்டிக்கான லைசென்ஸ் எடுத்துக்கொண்டு டிப்போவுக்கு வந்தாள். பெஞ்சில் அவள் ஒருத்திதான் பெண். முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்தவன், "ஏக்கா, டிபன் கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டான். யாருக்கோ சாப்பாடு கொடுக்க வந்தவள் என்று நினைத்துவிட்டான். "கொண்டு வந்திருக்கேன். உனக்கு இல்ல" என்றாள். அதோடு பெஞ்சு அவளை ஏற்றுக்கொண்டது.

அந்தக் காலத்தில் பெஞ்சு நகர்ந்துகொண்டிருந்தது. மேலே ஆட்கள் ஓய்வு பெற்றுப் போகப் போக, கீழே ஒவ்வொருவராகத் தகடு பிடித்தார்கள். அவளுக்கும் ஒரு வருடம் கல்லுக்குழி ரூட் வந்தது. பலகையிலேயே மட்டமான ரூட் அது. தூசும் பள்ளமும், போதாததற்குத் துண்டு ஷிப்டு. காலையில் பாதி, சாயங்காலம் பாதி, நடுவில் வீட்டுக்கும் போக முடியாது, வேலையும் இருக்காது. என்றாலும் அது எண் தகடு. அதை ஓட்டி முடித்து நிரந்தரமானாள்.

அந்த வருடம்தான் மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினான். அவன் திரும்பி வரும் நேரத்தில் வீட்டில் ஆள் இருக்காது. கணவருக்கு அப்போது கிடங்கில் காவல் வேலை, பகல் முழுவதும். சின்னப் பிள்ளையை நம்பிச் சாவி கொடுக்க முடியாது. அதனால் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பான். எதிர்வீட்டுக்காரம்மா கூப்பிட்டாலும் போக மாட்டான். அவள் வரும்போது பையைத் தலைக்கு வைத்துப் படியிலேயே தூங்கியிருப்பான். கன்னத்தில் படியின் விளிம்பு பதிந்திருக்கும்.

டிப்போவில் ஒரே ஒரு நல்ல ரூட் இருந்தது. ஒன்பதாம் நம்பர், ஆற்றோரச் சாலை. அகலமான, நேரான வழி. விடியும்போது எடுத்தால் மத்தியானம் முடிந்துவிடும். பள்ளிக்கூடம் விடுவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாம். வருடா வருடம் அதை முதலாவதாகப் போய் எடுத்துக்கொண்டவர் மீசைக்காரர். ஒரு தகடு நாளுக்கு முன்னால் அவரிடம் போய்க் கேட்டாள்.

"அண்ணே, ஒரே ஒரு வருஷம் ஒன்பதை விட்டு வைங்கண்ணே. பையன் கொஞ்சம் பெரியவன் ஆகிற வரைக்கும்."

மீசைக்காரர் கெட்டவரில்லை. மீசையைத் தடவிக்கொண்டே யோசித்தார். "நீ கேக்குறது தப்பில்லம்மா. ஆனா நான் விட்டாலும் எனக்கு அடுத்தவன் எடுப்பான். அவன் விட்டா அவனுக்கு அடுத்தவன். உன்கிட்ட எங்க வரப்போகுது? நானும் இப்படித்தான் காத்துக் கெடந்தேன். உன் முறை வரும்."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதனால் அவளால் கோபப்படவும் முடியவில்லை.

முறை என்பது மெதுவாக வந்தது. பிறகு அதைவிட மெதுவாக வந்தது. ஓய்வு வயதை ஏற்றினார்கள். சில வருடம் கழித்து மறுபடியும் ஏற்றினார்கள். இரண்டாவது முறை நிர்வாகம் சங்கத்தைக் கேட்டது. சங்கத்தில் நிரந்தர டிரைவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. பெஞ்சுக்குக் கை உண்டு, தூக்கும் உரிமை இல்லை. வயதை ஏற்றச் சம்மதித்து அவளும் கை தூக்கினாள். தூக்காமல் என்ன செய்வாள்? கணவருக்கு அறுவை சிகிச்சை நடந்து வேலை போயிருந்தது. மகன் கல்லூரியில் படித்த படிப்புக்கு ஏற்ற வேலை எங்கும் கிடைக்காமல், கடைசியில் அதே டிப்போவின் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தான். அவன் கூலி வாரத்தில் சில நாள் வரும், சில நாள் வராது. அவள் சம்பளம்தான் வீடு.

மேலே யாரும் எழுந்திருக்கவில்லை. எனவே கீழே யாரும் நகரவில்லை. அவ்வளவுதான் கணக்கு.

ஒரு நாள் சமையலறையில் மகனிடம் அதைச் சொல்லியும் விட்டாள். கணவர் அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தார். வேலை போனதிலிருந்து சமையல் அவருடையது.

"நான்தான் உன் வழியில உக்காந்திருக்கேனோன்னு சில சமயம் தோணுதுடா."

மகன் தட்டிலிருந்து நிமிரவில்லை. "உன்னை யாரு குறை சொன்னா? நீ எந்திரிச்சா வீடு உக்காந்துடும்."

"பேசத் தெரியுது பாரு புள்ளைக்கு" என்றார் கணவர். "இந்தப் பேச்சுக்குச் சம்பளம் குடுத்தா நாம இந்நேரம் பங்களாவுல இருப்போம்."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் மகன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். மகனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. அவள் வீட்டில் கேட்ட ஒரே கேள்வி, 'நிரந்தரமா?' என்பது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோய்ப் பல நாளாகியிருந்தது.

இந்த வருடம் மீசைக்காரர் ஓய்வு பெற்றார். ஏற்றிய வயதும் அவருக்கு முடிந்துவிட்டது. மீசை முழுக்க வெளுத்து, படியேறும்போது கம்பியைப் பிடித்துக்கொள்கிறவராக ஆகியிருந்தார். அவருக்கு அடுத்த இடத்தில் வெகுகாலமாக இருந்தவள் ஹாரனக்காதான். இனி அவள் முதலாவது. வரப்போகும் தகடு நாளில் பலகை முழுவதும் அவள் கைக்கு எட்டும்.

டிப்போவே அவளைக் கேலி செய்தது. "என்னக்கா, ஒன்பதுக்கு மாலை வாங்கியாச்சா?" என்றான் ஒரு கண்டக்டர். "இலவு காத்த கிளின்னு சொன்னவன் எல்லாம் வந்து பாருங்கடா. இந்தக் கிளிக்கு உண்மையிலேயே பழம் கிடைச்சிருக்கு." அவளும் சிரித்தாள். முட்டி வலி அவளுக்கு. பள்ளமில்லாத சாலை, மத்தியானத்தோடு முடியும் வேலை. மகனுக்காக ஆசைப்பட்ட ரூட், இப்போது முட்டிக்காகத் தேவைப்பட்டது. ஆசைக்கு என்ன, காரணம் மாறினாலும் அது இருந்த இடத்தில்தான் இருந்தது.

பெஞ்சிலும் அந்த வருடம் ஒரு சந்தோஷம் இருந்தது. மீசைக்காரர் போனால் எல்லோரும் ஒரு படி ஏறுவார்கள். கடைசி எண் தகடு பெஞ்சுக்கு வரும். பெஞ்சில் முதலாவதாக இருந்தவனை ஒல்லி என்று கூப்பிடுவார்கள். வீட்டில் சொல்லிவிட்டான். மனைவி தன் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

தகடு நாளுக்குச் சில நாள் முன்னால் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். கல்லுக்குழியில் வேலை நின்றுவிட்டதால் அந்த ரூட் ரத்து. ஒரு தகடு குறைந்தது. மேலே ஒருவர் போனார், கீழே ஒரு கொக்கி காலியானது. பெஞ்சு இருந்த இடத்திலேயே இருந்தது.

அன்று அவள் வண்டியை விட்டுவிட்டுப் பெஞ்சைத் தாண்டிப் போனபோது ஒல்லி எழுந்து நின்றான். "வாழ்த்துக்கள் அக்கா. ஒன்பது உங்களுக்குத்தானே?"

அவள் கூச்சத்தோடு தலையாட்டினாள். வாயில் வந்ததைச் சொன்னாள். "உங்க முறையும் வரும்ப்பா."

"வரும்க்கா" என்று அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். காதோரம் முழுக்க நரை. பெஞ்சில் இருப்பவர்களைப் 'பெஞ்சுப் பசங்க' என்றுதான் டிப்போவில் சொல்வது வழக்கம். அவளும் அப்படித்தான் சொல்லிவந்தாள். அன்றுதான் வரிசையாகப் பார்த்தாள். ஒருவனுக்கு முன்தலை வழுக்கை. ஒருவன் மூக்குக்கண்ணாடியை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒல்லிக்குப் பக்கத்தில், இரண்டாவதாக, அவள் மகன். அவன் அவளைப் பார்க்காமல் எதிரே இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மீசைக்காரருக்குப் பிரிவு உபசாரம் நடந்தது. பேச்சு, சால்வை, பிஸ்கட், டீ. கூட்டம் கலைந்த பிறகு அவர் தனியாக வண்டிகள் நிற்கும் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இனி உன் ராஜ்ஜியம்" என்றார்.

"ஒன்பது எப்படிண்ணே இருக்கும்? தினமும் ஓட்டுனா?"

"நல்லாத்தான் இருக்கும். மத்தியானமே வீட்டுக்குப் போயிடலாம்." மடியிலிருந்த சால்வையை நீவினார். "எனக்கு அது கைக்கு வந்தப்ப புள்ளைங்க எல்லாம் கல்யாணம் ஆகிப் போயாச்சு. வீட்டுக்குப் போவேன், சாப்பிடுவேன், தூங்குவேன். அத்தனை வருஷமும் தூங்கினேன்."

அவளுக்கு மாடிப்படி நினைவுக்கு வந்தது. குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். "அப்ப எனக்குக் குடுத்திருக்கலாமேண்ணே. எல்லார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒதுங்கியிருப்பாங்களே. நீங்க சொன்னா கேட்டிருப்பாங்க."

"குடுத்திருக்கலாம்." அவர் மறுக்கவில்லை. "ஆனா நான் காத்திருந்தேனேம்மா. அந்தக் கடனை யார்கிட்ட போய் வாங்குறது? எனக்கு முன்னால இருந்தவங்க போய்ச் சேந்துட்டாங்க. பின்னால நிக்கிறவன்கிட்டதான் வாங்க முடியும்."

சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து எழுந்து போனார். அவர் சொன்னது நியாயமா அநியாயமா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் ஒரே துணியின் இரண்டு பக்கமாக இருந்தன.

தகடு நாளன்று காலையில் கணவர் அவளுடைய சீருடைச் சட்டையைத் தேய்த்து வைத்திருந்தார். கைமடிப்பு கத்தி மாதிரி நின்றது.

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க" என்றார். "இத்தனை வருஷம் படைக்குத்தான் முந்தின. இன்னிக்காவது பந்திக்கு முந்து."

அலுவலக அறையில் கூட்டம் நெரிந்தது. மேனேஜர் பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சங்கத் தலைவர் கைகட்டி நின்றார். வரிசையில் அவளுக்குப் பின்னால் கண்ணாடிக்காரர். வண்டி எடுக்கும் முன் பக்கவாட்டுக் கண்ணாடியை ஓயாமல் திருப்பித் திருப்பிச் சரிசெய்வதால் அந்தப் பெயர். பெஞ்சு ஆட்கள் கதவோரம் நின்றார்கள். அவர்கள் முறை வருவதற்குள் பலகையில் வெள்ளை மட்டும்தான் மிஞ்சும் என்று அவர்களுக்குத் தெரியும்.

"வாங்கக்கா" என்றார் மேனேஜர்.

அவள் பலகைக்கு முன்னால் போய் நின்றாள். இத்தனை கிட்டத்தில் முழுப் பலகையை அவள் பார்த்ததே இல்லை. அவள் முறை வரும்போது எப்போதும் ஒன்பதின் கொக்கி காலியாகத்தான் இருந்திருக்கிறது. ஒன்பதாம் நம்பர் கண்ணுக்கு நேராகத் தொங்கியது. மீசைக்காரரின் கட்டை விரல் பட்டுப் பட்டு ஒரு ஓரத்தில் பெயின்ட் போய்த் தகரம் மின்னியது. கையை நீட்டினாள். விரல் நுனி தகட்டைத் தொட்டது. சில்லென்று இருந்தது.

இதை எடுத்தால் அவள் காத்திருந்தது தீரும். தீர்ந்த பிறகு மத்தியானம் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்.

கை இறங்கியது. கடைசி வரிசைக்குக் குனிய முட்டி இடம் கொடுக்கவில்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து ஒரு வெள்ளைத் தகட்டைக் கழற்றினாள்.

யாரோ சிரித்தார்கள். தலைவர் ஓரடி முன்னே வந்தார். "அக்கா, கண்ணாடி போட்டுட்டு வரலையா? அது வெள்ளை."

"தெரியுது."

"வெள்ளைன்னா பெஞ்சு."

"அதுவும் தெரியும் தம்பி. நான் உக்காராத பெஞ்சா?"

அறையில் சத்தம் எழுந்தது. மேனேஜர் கையமர்த்தினார். "ரூல் என்னன்னா, யார் வேணும்னாலும் எந்தத் தகட்டையும் எடுக்கலாம். இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்ல, அவ்வளவுதான்." பிறகு அவளைப் பார்த்து, "சம்பளம் வரும். நிரந்தரம் எங்கயும் போகாது. ரூட்டுப் படி மட்டும் வராது. யோசிச்சுத்தானே எடுத்தீங்க?" என்றார்.

"கொக்கியை விட்டு இறங்கியாச்சு" என்றாள். அதற்குமேல் கேள்வி இல்லை.

தலைவர் அவள் காதருகே வந்தார். "தனக்கு மிஞ்சித்தான் தானம் அக்கா. நீங்க இப்படி ஒண்ணை ஆரம்பிச்சா, நாளைக்கு எங்க எல்லாரையும் பாத்துக் கேப்பாங்க. இது எங்க போய் நிக்கும்?"

"நிக்கிறதுக்குத்தான் எனக்கு முட்டி இல்லையே" என்றாள். "நான் உக்காரப் போறேன்."

அடுத்து வந்த கண்ணாடிக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல், ஒன்பதைக் கொக்கி அதிர உருவிக்கொண்டார். அவர் பின்னால் வந்தவரும் தனக்குக் கிடைத்ததில் நல்லதை எடுத்தார். யாரும் அவளைப் பின்பற்றவில்லை. பின்பற்றுவார்கள் என்று அவளும் நினைக்கவில்லை. தகடுகள் இறங்கிக்கொண்டே வந்தன. நிரந்தர டிரைவர்கள் எல்லோரும் முடிந்தபோது ஒரே ஒரு எண் தகடு கொக்கியில் நின்றது. சந்தைக் கழிவுகளைத் தாண்டிப் போகும் ரூட், துண்டு ஷிப்டு. நாற்றத்துக்குப் பெயர் போனது.

"ஒல்லி" என்றார் மேனேஜர்.

அவன் அசையவில்லை. அவள் மகன்தான் அவன் முதுகில் கைவைத்துத் தள்ளினான். "போங்கண்ணே."

ஒல்லி போனான். தகட்டைக் கழற்றத் தெரியாமல் தடுமாறினான். எண் தகட்டின் வளையம் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், இதுவரை அவன் கை அதைத் தொட்டதில்லை. கழற்றியதும் அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நேராக வெளியே போய்விட்டான். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு அது நல்லதாகவே பட்டது. அடுத்து மகன் வந்து ஒரு வெள்ளைத் தகட்டை எடுத்தான்.

வீட்டில் கணவர் வெள்ளைத் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் எண் இருக்குமோ என்பதுபோல.

"பந்திக்கு முந்தச் சொல்லி அனுப்பினேன். இலையிலேருந்து எந்திரிச்சு வந்திருக்க."

"படி குறையும். கொஞ்சம் இழுத்துப் பிடிக்கணும்."

"இதுக்கு மேல இழுத்தா கிழிஞ்சிரும்." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தகட்டை ஜன்னல் ஆணியில் மாட்டினார்.

மகன் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேசினான். குரலில் கோபம் இல்லை, அதைவிட மோசமான ஒரு சலிப்பு இருந்தது. "ஒல்லியண்ணனுக்குக் கிடைச்சது எனக்குச் சந்தோஷம்தான். ஆனா நீ ஒண்ணை மறந்துட்ட."

"என்ன?"

"பெஞ்சுலயும் சர்வீஸ்படிதான் உக்காருவாங்க. ஜன்னல் பக்கத்துலேருந்து கூப்பிடுவாங்க. ஒல்லியண்ணன் போன இடத்துக்கு நீ வருவ. முதல் வண்டி உனக்கு. நான் நேத்து வரைக்கும் ரெண்டாவது, நாளைக்கும் ரெண்டாவது." எழுந்து கை கழுவப் போனான். "வீட்டுலதான் உன் பின்னால நிக்கிறேன்னா, அங்கயும் உன் பின்னாலதான் உக்காரணும்."

அவள் ஜன்னல் ஆணியில் தொங்கிய தகட்டைப் பார்த்தாள். பெஞ்சைவிட்டு எழுந்து இத்தனை வருடத்தில், பெஞ்சுக்கும் ஒரு முன்வரிசை உண்டு என்பதை அவள் சுத்தமாக மறந்துவிட்டிருந்தாள்.

மறுநாள் விடிவதற்குள் டிப்போவுக்குப் போனாள். மகன் முன்னாலேயே கிளம்பிப் போயிருந்தான். பெஞ்சில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் ஓரத்தில் ஒரு இடத்தை மரியாதையாகக் காலி விட்டிருந்தார்கள். யாரோ அந்த இடத்தைத் துணியால் துடைத்தும் வைத்திருந்தார்கள். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்கள்.

"உக்காருங்கப்பா. வந்தவ விருந்தாளியா?"

ஜன்னலோரத்தைத் தாண்டினாள். மகனைத் தாண்டினாள். வழுக்கைக்காரனை, கண்ணாடி துடைப்பவனைத் தாண்டினாள். பெஞ்சின் மறுகோடியில், கதவோரம், போன மாதம் சேர்ந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்றாள் அவளிடம். பெஞ்சு முழுக்க ஒவ்வொருவராக நகர வேண்டியிருந்தது. நகர்ந்தது ஜன்னல் பக்கமாக. காலி விட்டிருந்த இடத்தில் மகன் வந்து சேர்ந்தான்.

கண்ணாடிக் கூண்டுக்குள் டைம் கீப்பரம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாரனக்காவின் வயதுதான் அவளுக்கும். மைக்கை வாய்க்குக் கொண்டுபோனவள், அதை மூடிக்கொண்டு வெளியே தலை நீட்டினாள்.

"ஏய் ஹாரன், உன் இடம் அங்க."

"இங்க காத்து வருது."

"சர்வீஸ்படிதான் நான் கூப்பிடணும்."

"நீ என்னிக்குச் சர்வீஸைப் பாத்த? ஜன்னல்லேருந்துதானே கூப்பிடுவ. எப்பவும் போலக் கூப்பிடு."

டைம் கீப்பரம்மா அவளைக் கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அன்று ஒரு டிரைவருக்கு வயிற்று வலி. மைக் கரகரத்தது. "ஜன்னலோரம். பதினேழாம் நம்பர்."

மகன் எழுந்தான். பெஞ்சைத் தாண்டிக் கதவை நோக்கி வந்தான். வெளியே போக அவள் முட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் காலை இழுத்துக்கொண்டாள். அவன் நின்றான்.

"கதவு பக்கம் வெயில் ஏறும். ஏறினா தள்ளி உக்காரு" என்றான். போய்விட்டான்.

அவள் உட்கார்ந்திருந்தாள். வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியேறின. கண்ணாடிக்காரர் ஒன்பதில் ஏறிக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்தார். கண்ணாடியில் பெஞ்சு தெரிந்திருக்க வேண்டும். மறுபடி வேறு பக்கம் திருப்பினார். வண்டி ஆற்றோரச் சாலையை நோக்கித் திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வலித்தது. முட்டியில் மட்டும் இல்லை. அவள் அதை மறைக்கவில்லை, பெஞ்சில் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

இன்னும் ஒருவரைக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு மைக் பேசவில்லை. மத்தியானம் டைம் கீப்பரம்மா பெஞ்சைப் பார்த்துக் கையசைத்தாள். வீட்டுக்குப் போகலாம். பக்கத்திலிருந்த பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நாளைக்கும் இங்கதான் உக்காருவீங்களா அக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் மரியாதையும் இருந்தது, கவலையும் இருந்தது. கோடி இடம் அதுவரை அந்தப் பெண்ணுடையது.

"அடுத்த தகடு நாள் வரைக்கும்" என்றாள் ஹாரனக்கா.

"அப்புறம்?"

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அப்புறம் பாப்போம்" என்றாள்.

பயணியாக ஏறி வீட்டுக்கு வந்தாள். படியேறும்போது முட்டி ஒவ்வொரு படியிலும் நின்று பேசியது. கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. படுத்துப் பார்த்தாள். தூக்கம் வரவில்லை. எழுந்து கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

வெயில் இறங்கிய பிறகு மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. கனமான, களைத்த காலடி. கதவுக்கு வெளியே வந்து நின்றது. பையில் சாவியைத் தேடும் சத்தம் கேட்டது.

அவன் சாவியை எடுப்பதற்குள் எழுந்து கதவைத் திறந்தாள்.